சுவரில் ஒரு கொம்பு

பக்கத்தில் அளவுகோலை வைக்காமல் எதையும் படம் எடுக்க மாட்டாள் என்பதால் வேலை செய்யும் இடத்தில் அவளுக்கு ‘ஸ்கேல்’ என்றே பெயர் நிலைத்துவிட்டது. வெகுகாலம் மூடிக் கிடந்த சுரங்கத்தை மக்கள் வந்து பார்க்கும்படி திறக்கப் போகிறார்கள். அதற்கு முன் உள்ளே கிடக்கும் தண்டவாளம், தள்ளுவண்டி, துருப்பிடித்த விளக்கு என்று ஒன்றுவிடாமல் படம் எடுத்துப் பதிவு செய்வது அவள் வேலை. எதையும் இரண்டு முறை அளப்பாள். இரண்டும் ஒன்றாக வந்துவிட்டால், இரண்டு முறையும் ஒரே மாதிரி தப்பு செய்துவிட்டோமோ என்று இன்னொரு முறை அளப்பாள்.

அன்று காலை ஒரு பக்கச் சுரங்கத்தின் வாயில் நின்றுகொண்டிருந்தாள். வாயைக் கற்கள் அடைத்திருந்தன. அந்தக் காலத்து விபத்தில் சரிந்த கல் என்று எல்லோரும் சொல்லிவந்தார்கள். அதையொட்டிய சுவரில் மங்கலாக சாக்பீஸ் எழுத்து. ‘காத்திருக்’ வரை படிக்க முடிந்தது. அதற்கப்புறம் புகைக் கரி.

“காத்து இருக்குன்னு உங்கப்பா எழுதினதுதானேம்மா?” என்றார் மேற்பார்வையாளர். “கரியைத் துடைச்சிட்டு அது மேலயே புதுசா சாக்பீஸ் ஓட்டிடு. வர்றவங்களுக்குப் பளிச்சுன்னு தெரியட்டும். நாளைக்குக் கல்லு மேல சிமென்ட் பூசறோம்.”

“மேல எழுதினா பழசு போயிடும் சார்.”

“பழசு யார் கண்ணுக்குத் தெரியுது? நீ அளந்து முடிக்கறதுக்குள்ள நானே ஒரு பழைய பொருள் ஆயிடுவேன்.”

அது அப்பா எழுத்து என்று அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அப்பா இந்தச் சுரங்கத்தில்தான் வேலை பார்த்தார். ‘காத்துக்காரர்’ என்று கூப்பிடுவார்கள். தினமும் எல்லோருக்கும் முன்னால் விளக்கோடு இறங்கி, ஒவ்வொரு கிளையிலும் காற்று நல்லதா என்று பார்த்து, நல்லதென்றால் சுவரில் ‘காத்து இருக்கு’ என்று எழுதுவார். அதைப் பார்த்த பிறகுதான் மற்றவர்கள் உள்ளே போவார்கள்.

அவள் மெல்லிய தூரிகையால் கரியை விலக்கினாள். ‘க்’ தாண்டியதும் ஒரு கொம்பு தெரிந்தது. அடுத்து ஒரு ‘க’. அப்புறம் கால். கடைசியில் புள்ளி வைத்த ‘ம்’.

‘கு’வுக்கு எதற்குக் கொம்பு?

விளக்கை இடப்பக்கம் வைத்துப் பார்த்தாள், வலப்பக்கம் வைத்துப் பார்த்தாள். பாறையின் விரிசலாக இருக்கலாம் என்று ஓரத்தை விரல் நுனியால் தொட்டாள். விரலில் வெள்ளைத் தூள் ஒட்டியது. காத்திருக்கோம்.

திரும்பிக் கல்லைப் பார்த்தாள். கிட்டத்தில் போய்ப் பார்த்தபோது அது சரிந்த கல் இல்லை, அடுக்கிய கல். சந்துகளில் கிழிந்த துணி திணித்திருந்தது, புகை உள்ளே வராமல் இருக்க, உள்ளே இருந்தபடி.

அவள் பிறப்பதற்கு முன் நடந்த விபத்து. பாறை சரிந்து, தீப்பிடித்து, ஐந்து பேர் வெளியே வரவில்லை. தேடிப் போனவர்களுக்கு முன்னால் காற்றுப் பார்த்துக்கொண்டு போனவர் அப்பா. யாரும் இல்லை என்று திரும்பி வந்தார்கள். சுரங்கத்தை மூடினார்கள். பிறகு அப்பா அந்த ஐந்து வீட்டுக்கும் போய், “பாறை விழுந்த நொடியே போயிட்டாங்க, கஷ்டப்படல” என்று சொன்னார். அந்த ஒரு வார்த்தைக்காக இன்றுவரை எந்த நல்லது கெட்டதிலும் அந்த வீடுகளில் அவருக்குத்தான் முதல் நாற்காலி.

கொம்பிலிருந்து கடைசி ‘ம்’ வரை கரியோடு துடைத்துவிட்டால் போதும், அது அப்பா எழுத்தாகவே இருந்துவிடும். ஒரு கைத்துண்டு வேலை. துண்டைக் கையில் எடுத்தாள். பிறகு மடித்துப் பைக்குள் வைத்துவிட்டு, அளவுகோலை வைத்துப் படம் எடுத்தாள்.

சாயங்காலம் அப்பா சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தார்.

“அப்பா, சுவர்ல எழுதறப்ப சேர்த்து எழுதுவீங்களா, பிரிச்சு எழுதுவீங்களா?”

“இருட்டுல நின்னுக்கிட்டு இலக்கணமா பார்ப்பாங்க? சேர்த்துதான். வாத்தியார் பார்த்திருந்தா முட்டி போட வெச்சிருப்பாரு.”

“தேடிப் போன அன்னைக்கு, அந்தப் பக்கச் சுரங்கத்து வாசல்ல எழுத்து இருந்துச்சா?”

“இருந்துச்சே. காலையில நான் எழுதினது. வாசல்ல கல்லு சரிஞ்சு கிடந்துச்சு. பின்னாடியே புகை துரத்துது. தாண்டிப் போயிட்டோம்.” ஊசி நின்றது. “எதுக்குக் கேக்கற?”

அவள் படத்தை நீட்டினாள். அவர் தள்ளி வைத்துப் பார்த்தார், கிட்டே கொண்டுவந்து பார்த்தார். பிறகு கடைசி எழுத்துகளின் மேல் கட்டைவிரலை வைத்தார்.

“இது வரைக்கும் என் எழுத்து மாதிரிதான் இருக்கு.”

“விரலை எடுங்கப்பா.”

எடுக்கவில்லை.

“எனக்கும் சந்தேகமாத்தான் இருக்கு,” என்றாள் அவசரமாக. “பாறையில விரிசலாகூட…”

“எத்தனை தடவை பார்த்த?”

அவள் மூன்று விரலைக் காட்டினாள்.

“அப்ப விரிசல் இல்ல,” என்றார் அப்பா.

சாப்பிடக் கூப்பிட்டபோதும் அவர் படத்தைவிட்டு நிமிரவில்லை. அவரை ஏதாவது சொல்லித் தேற்றலாம் என்று பார்த்தால், அவளுக்கு வாயில் வந்ததெல்லாம் அவர் அந்த ஐந்து வீட்டிலும் சொன்ன அதே வார்த்தைகள்தான்.

விடிந்ததும் மேற்பார்வையாளருக்குப் போன் செய்து சிமென்ட்டை நிறுத்தச் சொன்னாள். முதலில் அவர் சிரித்தார். துணி திணித்திருப்பதைச் சொன்னதும், “கல்லைப் பிரிச்சுப் பார்த்துடலாம்மா” என்றார்.

போனை வைத்துவிட்டுத் திரும்பினால், அப்பா செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றார். பொத்தான் பாதி தைத்தபடி நூலில் தொங்கியது.

“கல்லைப் பிரிக்கறப்ப உள்ள காத்து எப்படி இருக்குன்னு பார்க்காம ஒருத்தரையும் விடக் கூடாது. உங்க சாருக்கு அதெல்லாம் தெரியாது. நான் வந்துடறேன்னு சொல்லு.”

“இப்ப எங்க கிளம்பிட்டீங்க?”

“அஞ்சு வீட்டுக்கும். அவங்களுக்கு வேற யாரும் சொல்லக் கூடாது.”

“நானும் வரேன்ப்பா.”

“நீ வந்து என்ன பண்ணப் போற? போ. அந்த எழுத்து மேல எவனும் கை வெக்காம பார்த்துக்க.”

முதல் வீடு தெருமுனையில்தான் இருந்தது. பையை எடுத்துக்கொண்டு அவள் வெளியே வந்தபோது அவர் அந்தக் கதவுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். உள்ளே ரேடியோ பாடியது. யாரோ பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது. அவர் கையைக் கதவுவரை தூக்கினார். தட்டாமல், அப்படியே வைத்துக்கொண்டு நின்றார்.