கோட்டைச்சாமி & மருமகன்

மதுரையிலிருந்து லாரி சர்வீஸில் வந்திருந்த பார்சலைப் பிரித்து, அங்கே வெட்டிய அக்ரிலிக் எழுத்துகளை மேசையில் பரப்பியபோதுதான் தான் வசமாக மாட்டிக்கொண்டது பாண்டிராஜுக்குத் தெரிந்தது. ஒரு ம, ஒரு ரு, இன்னொரு ம, ஒரு க, ஒரு ன. தனியாகத் தாளில் சுற்றி ஒரு புள்ளி. கூடவே, சம்மணம் போட்டு உட்கார்ந்த ஆளைப் போல ஒரு '&'. சேர்த்து வாசிக்கப் பெரிய படிப்பு எதுவும் வேண்டியதில்லை.

ஊருக்கெல்லாம் போர்டு செய்து கொடுக்கும் அந்தக் கடைக்கே வைக்கப்போகும் புதுப் போர்டு சுவரோரம் தரையில் கிடந்தது. அதில் 'கோட்டைச்சாமி' என்ற மாமனாரின் பெயரை முந்தாநாளே ஒட்டியாகிவிட்டது. பக்கத்தில் காலியாக விட்ட இடம் எதற்கென்று மாமனார் சொல்லவில்லை. 'சைன் போர்ட்ஸ்' என்று வரும்போல என்று இவன் நினைத்திருந்தான். அருப்புக்கோட்டை பஜாரில் 'அண்ட் சன்ஸ்' உண்டு, 'பிரதர்ஸ்' உண்டு. 'மருமகன்' என்று எவனாவது போர்டு வைத்ததுண்டா? கோட்டைச்சாமி வைப்பார். அவருடைய பாசம் அப்படிப்பட்டது. எதிராளிக்கு வேண்டுமா வேண்டாமா என்றெல்லாம் கேட்காது. அள்ளி அப்பிவிடும்.

பாண்டிராஜுக்குச் சொந்த ஊர் பரளச்சி. கல்யாணமான புதிதில், "கடைக்கு ஆள் இல்ல மாப்ள, ஒரு ஆறு மாசம் கூடமாட இருங்க, பெறகு ஒங்க இஷ்டம்" என்று மாமனார் சொன்னார். அந்த ஆறு மாசம் ஏழு வருஷமாக ஓடிக்கொண்டிருக்கிறது. கீழே கடை, மேலே வீடு. காலையில் படியிறங்கினால் வேலை, ராத்திரி படியேறினால் சாப்பாடு. சாப்பிடும்போது எதிரே உட்கார்ந்து, "இன்னும் ரெண்டு கரண்டி போடு சுமதி, மாப்ள எளைச்சுட்டாரு" என்பார் மாமனார். அவர் கெட்டவராக இருந்திருந்தால் என்றைக்கோ சண்டை போட்டுக்கொண்டு பஸ் ஏறியிருப்பான். நல்லவராக இருந்து தொலைத்தார்.

கோயம்புத்தூரில் பெரிய சைன் போர்டு கம்பெனி ஒன்றில் வினைல் என்கிற பிளாஸ்டிக் தாளை ஒட்டுகிறவர்களை எடுக்கிறார்கள். இவன் ஒட்டுவதை வீடியோ எடுத்து அங்கே அனுப்பியது மனைவி சுமதிதான். "திங்கக்கெழமை வந்து சேந்துருங்க" என்று சொல்லிவிட்டார்கள். குடும்பத்தோடு தங்க வீடும் பார்த்தாகிவிட்டது. மாமனாரிடம் சொல்வது ஒன்றுதான் பாக்கி.

"இன்னிக்கு அப்பா வந்ததும் சொல்லிருங்க" என்று காலையிலேயே சுமதி பிடித்துக்கொண்டாள். "போர்டு ஏறுறதுக்கு முன்ன சொல்லிருங்க. சொந்தபந்தம் எல்லாம் வந்து நிக்கிறப்ப சொன்னா அவுக மானம் போயிரும்."

"சொல்லிர்றேன்."

"நேத்தும் இதத்தான் சொன்னீக."

"நீயே சொன்னா என்ன?"

"நான் சொன்னா எடுபடுமா? 'போயி டிசைனப் பாரு'ன்னு கம்ப்யூட்டர் பக்கம் வெரட்டி விட்ருவாக. பன்னெண்டாப்பு முடிச்சதுலருந்து அந்த நாற்காலியிலதான ஒக்காந்துருக்கேன்."

மாமனார் பாலவனத்தத்தில் ஒரு கடைக்கு அளவெடுக்கப் போயிருந்தார். சாயங்காலம் நல்ல நேரத்தில் போர்டை ஏற்றிவிட வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

பாண்டிராஜ் ஷட்டரை முக்கால்வாசி இறக்கினான். ஆவணி பிறந்தும் காற்று ஓயவில்லை. கரிசல் புழுதி உள்ளே வந்தால் ஒட்டும் வினைலுக்கு அடியில் புகுந்து பருப்பருவாக நிற்கும். அதனால் ஃபேனும் போடக் கூடாது. அந்தப் புழுக்கத்தில் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு, ஷாம்பு கரைத்த தண்ணீரை எழுத்தின் மேல் புஸ் புஸ்ஸென்று அடித்தான்.

வேலையின் சூட்சுமம் அந்தத் தண்ணீரில்தான் இருக்கிறது. சரிகைக் கரை போல அச்சடித்த தங்கநிற வினைலை, பின்தாளை உரித்து நனைந்த எழுத்தின் மேல் போட்டால், ஈரம் இருக்கிறவரை இப்படியும் அப்படியும் நகர்த்தலாம். இடம் பார்த்து ரப்பர் அட்டையால் தேய்த்துத் தண்ணீரை வெளியேற்றிவிட்டால் கதை முடிந்தது. பிறகு பிடி விடாது. கல்யாணமான அந்த முதல் ஆறு மாசம் ஈரம் இருந்த நேரம் என்று அவனுக்கு இப்போது தோன்றியது. அப்போதே நகர்ந்திருக்க வேண்டும்.

முதல் ம-வுக்கு வினைலை ஒட்டினான். ஓரத்தைக் கட்டரால் சீவினான். ரு-வை எடுத்தவன் அப்படியே நின்றுவிட்டான். இது மேலே ஏறிவிட்டால், எந்த வாயை வைத்துக்கொண்டு 'போறேன் மாமா' என்பது? மாமனார் முன்னால் போய் நின்றாலே அவனுக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

அப்போதுதான் அந்த யோசனை வந்தது. பேசத் தைரியமில்லாதவனுக்கு யோசனைக்கு என்றைக்குமே குறைச்சலில்லை. மூலையில் பழைய எழுத்துகள் கிடந்த டப்பாவைக் கவிழ்த்தான். எம்.ரெட்டியபட்டிப் பக்கத்துப் பள்ளிக்கூடப் போர்டு ஒன்றுக்கு வெட்டியதில் மிஞ்சிய ள ஒன்று அகப்பட்டது. அளவும் சரியாக இருந்தது. ரு-வையும் ஒரு ம-வையும் ஒதுக்கினான். ன-வையும் ஒதுக்கிவிட்டு அதன் புள்ளியை மட்டும் ள-வுக்குக் கொடுத்தான்.

கோட்டைச்சாமி & மகள்.

மளமளவென்று வினைலைப் போட்டு, அழுத்தித் தேய்த்து, பசை வைத்துப் போர்டில் பதித்துவிட்டு, விசிலடித்துக்கொண்டே சட்டையை மாட்டினான். இனி மாமனாரிடம் சொல்வது சுலபம். பெற்ற பிள்ளையின் பெயர் கடைமேல் இருக்கும்போது மருமகன் போனால் என்ன, இருந்தால் என்ன?

சுமதி காப்பியோடு இறங்கி வந்தாள். போர்டைப் பார்த்தாள். டம்ளரை மேசையில் வைத்தாள்.

"என்ன வந்துருந்துச்சு பார்சல்ல?"

"மருமகன்னு. நான்தான் மாத்துனேன். எப்படி?"

"மகள்னு எழுதி மேல ஏத்திட்டு, மகளை எப்படிங்க கோயம்புத்தூருக்குக் கூட்டிட்டுப் போவீக?"

பாண்டிராஜ் போர்டைத் திரும்பப் பார்த்தான். சத்தியமாக அவன் அதை யோசிக்கவே இல்லை.

"நீங்க கழண்டுக்கிறதுக்கு என்னைய ஒட்டிட்டீக." அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால்கூடத் தாங்கியிருப்பான். "பொண்ணு பாக்க வந்த அன்னிக்கு, கோயம்புத்தூர்ல வேலைக்குப் போகப் போறேன்னு சொன்னீகளா இல்லையா? அந்த ஒத்த வார்த்தைக்குத்தான் நான் சரின்னு தலையாட்டுனேன். இந்தக் கடையவிட்டுப் போறதுக்கு எனக்கு வேற வழி இல்லீங்க."

அவன் குனிந்து ள-வின் ஓரத்தை நகத்தால் நெம்பினான். பசை இறுகியிருந்தது. எழுத்து அசையவில்லை. வினைலின் ஒரு நுனி மட்டும் இழுபட்டு, ரப்பராக நீண்டு, பட்டென்று மறுபடி ஒட்டிக்கொண்டது.

வெளியே பைக் நின்றது. ஷட்டர் கடகடவென்று மேலே போனது. கோட்டைச்சாமி உள்ளே வந்து, தலைத்துண்டை உதறி, போர்டைப் பார்த்தார். பார்த்தபடியே பெயிண்ட் டப்பாவின் மேல் உட்கார்ந்துவிட்டார்.

"மகள்னா போட்டுருக்கு?"

"ஆமா மாமா."

"இது எனக்குத் தோணலையே மாப்ள." அவர் துண்டால் கண்ணைத் துடைத்தார். "பொட்டப்பிள்ளதானன்னு நெனச்சுட்டேன் போலருக்கு. பெத்தவனுக்குத் தெரியலையே."

சுமதி கணவனைப் பார்த்தாள். இப்போதே சொல்லுங்கள் என்று அவள் கண் கெஞ்சியது.

"மாமா, ஒரு விசயம்..."

"தெரியும் மாப்ள, நீங்க சொல்லவே வேண்டாம்." மாமனார் எழுந்து வந்து அவன் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "தன் பேரைத் தானே எடுத்துட்டு அடுத்தவுக பேரை வைக்க யாருக்கு மனசு வரும்? ஒங்கள விட்டுட்டு போர்டு வைக்க நான் என்ன கல்நெஞ்சக்காரனா? ரெண்டும் இருக்கட்டும். மேல மகள், கீழ மருமகன். கொறையிற எழுத்த நம்மளே அறுத்துக்குவோம். என்ன சொல்றீக?"

அந்தக் கைகள் சூடாக இருந்தன. அவன் மாமனாரின் ஈரமான கண்ணைப் பார்த்தான். சுமதியைப் பார்க்கவில்லை.

"சரி மாமா" என்றான்.

கோட்டைச்சாமிக்குத் தலைகால் புரியவில்லை. சொந்தக்காரர்களுக்குப் போன் போட்டுச் சொல்லிக்கொண்டே தெருவில் இறங்கினார். "ஏலே வீரபத்திரா, கெளம்பிட்டியா? வந்து பாரு, என் மாப்ள என்ன செஞ்சிருக்காருன்னு பாரு!"

சுமதி ஷட்டரை முக்கால்வாசி இறக்கினாள். துண்டு அக்ரிலிக்கைத் தேடி எடுத்து, குறைகிற எழுத்துகளை வரைந்து அவனிடம் தள்ளினாள். அவன் அறுத்தான். ன-வுக்குப் புள்ளி இல்லாததைக் கண்டு, ஐந்து ரூபாய்க் காசை வைத்து வட்டம் கீறி அதையும் அவளே அறுத்துக்கொண்டாள். ஷாம்புத் தண்ணீரை எடுத்து ஒவ்வொன்றின் மேலும் அடித்தாள்.

பாண்டிராஜ் வினைலைப் போட்டு ரப்பர் அட்டையை வைத்தான். மெல்லத் தேய்த்தான்.

"நல்லா அழுத்தித் தேயுங்க" என்றாள் சுமதி. "எந்திரிச்சு வந்துறக் கூடாதுல்ல?"