வரிசையில் முதல் பன்னிரண்டு பேர்

ஏஜெண்ட் எனக்குத் தர வேண்டியிருந்தது இருபத்து மூன்றாயிரத்து நானூறு. எழுபத்தெட்டு நாள் கூலி, நாளுக்கு முந்நூறு. எங்கள் பன்னிரண்டு பேருக்கும் இதே கணக்குத்தான்.

வேலை, கூட்டம் காட்டுவது. கம்ப்யூட்டருக்குள் ஒரு நகரம் இருக்கிறது. தெரு, கடை, பூங்கா எல்லாம் உண்டு. எங்கெங்கோ இருக்கிற ஆட்கள் ஆளுக்கொரு பொம்மையாக அதற்குள் நடமாடுவார்கள். புதுக்கடை திறந்தால் வாசலில் நாலு பேர் நிற்க வேண்டும், அதைப் பார்த்துத்தான் நாற்பது பேர் வருவார்கள். அந்த நாலு பேர் நாங்கள். ஹார்டுவேர் கடை மாடியில், ஒற்றை ஃபேன் ஓடும் அறையில் உட்கார்ந்து பொம்மையை வரிசையில் நிறுத்துவோம், கை தட்ட வைப்போம். இருபது வருடம் மூட்டை தூக்கி முதுகு போன எனக்கு, உட்கார்ந்த இடத்தில் கூலி என்றதும் நம்ப முடியவில்லை. நம்பாமலே இருந்திருக்கலாம்.

பணத்துக்குப் பதிலாக, அந்த நகரத்தில் செல்லுபடியாகும் 'முத்து' என்ற காசை எங்கள் பொம்மைகளின் பையில் போட்டான் ஏஜெண்ட். நாளுக்கு முந்நூறு முத்து. மொத்தமாக வாங்கினால் அது கொள்ளை மலிவாம். அவன் மொத்தமாகத்தான் வாங்கினான்.

"கம்பெனிப் பணம் வந்ததும் மாத்தித் தர்றேண்ணே. அதுவரைக்கும் முத்தும் காசுதான். உள்ள எத்தனை கடை இருக்கு, வேணுங்கறத வாங்கிக்குங்க."

"உள்ள பொம்மைக்குச் சட்டைதானே விக்கிறாங்க? பசிச்சா அதைத் தின்னட்டுமா?" என்றாள் என் பக்கத்தில் உட்காரும் தையல்கார அக்கா.

ஏஜெண்ட் சிரித்தான். எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை.

எனக்கு இரண்டு மாத வாடகை பாக்கி. வீட்டுக்காரர் எங்கள் தண்ணீர்க் குழாயை மூடிவிட்டார். சனிக்கிழமைக்குள் பணம் வராவிட்டால் சாமான் தெருவுக்கு வரும் என்றும் சொல்லிவிட்டுப் போனார். என் மனைவி மூன்று மாடி வாளி சுமந்தாள். "அந்தப் பொம்மைய அனுப்பி வைங்க, அதுவாச்சும் வந்து தண்ணி தூக்கட்டும்" என்பாள். அவள் உள்ளங்கை கொப்பளித்திருந்தது.

வியாழக்கிழமை ஒரு ஷூ கம்பெனி அந்த நகரத்தில் கடை திறந்தது. பொம்மைகள் போட்டுக்கொள்ளும் ஷூ. மொத்தமே அறுபது ஜோடி. அதற்கு மேல் செய்ய மாட்டார்களாம், அதனால்தான் அதற்கு மவுசு. பணக்கார விருந்தாளிகளுக்கு அழைப்பு போயிருந்தது.

"பத்து மணிக்குக் கதவு திறக்கும். முதல்ல நிக்கப் போறது நீங்கதான். திறந்ததும் ஒதுங்கி வழி விட்டுட்டுக் கை தட்டுங்க. புரிஞ்சுதா?" என்றான் ஏஜெண்ட்.

நாற்பது வயதுக்கு மேல் எழுத்துப் படித்தவன் நான். எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பேன், அதனால் ஒரு வரியையும் தாண்டிப் போக மாட்டேன். கடை வாசல் பலகையின் அடியில் பொடி எழுத்தில் இருந்தது: 'ஜோடி 4,000 முத்து. ஒருவருக்கு ஐந்து ஜோடி வரை.'

ஆளுக்கு ஐந்து. பன்னிரண்டு ஆள். விரல் விட்டு இரண்டு முறை எண்ணினேன், பையில் இருந்த முத்தையும் சேர்த்து.

அக்காவிடம் சொன்னேன். அவள் அடுத்தவரிடம் சொன்னாள். கடைசி நாற்காலி வரை போனது. எங்களோடு வேலை செய்யும் டாக்சிக்காரர்தான் தயங்கினார்.

"வம்பு வேணாம்ப்பா. இருக்கிற வேலையும் போயிடும்."

"எழுபத்தெட்டு நாளா சம்பளம் இல்ல. இதுல போறதுக்கு என்ன இருக்கு?" என்றேன்.

அவர் மவுஸில் கை வைத்தார்.

கதவு திறந்தது. நாங்கள் ஒதுங்கவில்லை, உள்ளே போனோம். 'வாங்கு' என்ற பட்டனை ஐந்து முறை அமுக்கினேன். ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது, கடைக்கு மேலே பெரிய எழுத்து மின்னியது: 'விற்றுத் தீர்ந்தது.' விருந்தாளிகள் வாசலிலேயே நின்றார்கள்.

"கை தட்டுங்கப்பா!" என்றாள் அக்கா. பன்னிரண்டு பொம்மையும் கை தட்டின.

ஏஜெண்டின் செல் அலறியது. வெளியே போய்ப் பேசிவிட்டு வந்தவன் முகத்தில் ரத்தமே இல்லை.

"என்ன காரியம் பண்ணிட்டீங்க! அந்த 'பரிசாகக் கொடு' பட்டன் இருக்குல்ல, அத அமுக்கி எல்லாத்தையும் எனக்கு அனுப்புங்க. பத்தரைக்குள்ள விருந்தாளிங்க கால்ல ஷூ இருக்கணும்."

"தாராளமா. ஜோடி நாலாயிரத்து அறுநூத்து எண்பது" என்றேன்.

"விலை நாலாயிரம்தானே?"

"அது முத்து. நான் சொல்றது பணம். அஞ்சால பெருக்கிப் பாருங்க தம்பி."

பெருக்கினான். இருபத்து மூன்றாயிரத்து நானூறு.

"இப்பவே உங்க பொம்மைக் கணக்கையெல்லாம் மூடிடுவேன்."

"மூடு ராசா, மூடு. ஷூவும் உள்ளேயே கிடக்கும்" என்றாள் அக்கா.

"ஆளுக்குப் பாதி தர்றேன்."

"பாதின்னா இடது காலுக்கு மட்டும் வாங்கிக்குங்க" என்றார் டாக்சிக்காரர். பயந்தவர் அவர்தான்!

செல் மறுபடி அலறியது. மணி பத்து பதினைந்து.

அக்காவின் செல்லில் முதலில் 'டிங்' என்றது. அவள் தொகையை வாசித்துப் பார்த்துவிட்டுத்தான் ஐந்து ஜோடியை அனுப்பினாள். அப்புறம் அடுத்த நாற்காலி, அதற்கடுத்தது. இன்னும் வரவில்லை என்று சொல்லிக்கொண்டிருந்த கம்பெனிப் பணம் எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்கவில்லை. என் முறை கடைசி. எண்களை எழுத்துக்கூட்டுவது போல ஒவ்வொன்றாகப் பார்த்தேன். சரியாக இருந்தது. ஷூவை அனுப்பினேன். அந்த நாற்காலியில் உட்கார்ந்தபடியே வீட்டுக்காரருக்கு வாடகையை அனுப்பி, மனைவியைக் கூப்பிட்டு, "வாளியக் கீழ வை, குழாய் திறக்கும்" என்றேன்.

எழுந்து சட்டையை உதறினேன். ஏஜெண்ட் கதவை மறித்தான்.

"கூலி வாங்கிட்டீங்கல்ல? ஷூ வாங்கினது போக ஆளுக்கு மூவாயிரத்து நானூறு முத்து பாக்கி இருக்கு. அது என்னோடது."

நியாயம்தான். மறுபடி உட்கார்ந்து, 'பரிசாகக் கொடு' பட்டனை அமுக்கி, கடைசி முத்து வரை அவனுக்கு அனுப்பினேன். மற்றவர்களும் அனுப்பினார்கள்.

"எண்ணிப் பாத்துக்குங்க தம்பி. அதுவும் காசுதான்."