கீழே விழுந்த மைக்ரோமீட்டர்

“ஆறு போல்ட்டும் தொளதொளன்னு ஆடுது! கண்ணு தெரியலைன்னா கண்ணாடியை மாத்துய்யா!”

டெல்பர்ட் கத்தியது ஒஹாயோவில் எங்கள் தெரு முழுக்கக் கேட்டது.

“அளந்து அளந்துதான்யா கடைஞ்சேன்!” என்றார் வெர்னன்.

கைப்பிடியைச் சுழற்றிச் சுடும் பழங்கால ஆறு குழல் துப்பாக்கியின் நகலுக்காக, இரண்டு கிழங்களும் மூன்று குளிர்காலமாக ஆளுக்கொரு லேத்தில் இரும்பைக் கடைந்துகொண்டிருந்தவர்கள். கத்தி முடித்த பிறகுதான் டெல்பர்ட்டுக்கு உறைத்தது: வெர்னன் தடிமன் அளக்கும் மைக்ரோமீட்டரைப் போன வாரம் கீழே போட்டுவிட்டு, துடைத்துப் பெட்டிக்குள் வைத்து மூடியது தானேதான். அது அன்றிலிருந்து தப்பான அளவு காட்டியிருக்கிறது.

“என் கைதான் போச்சு போலிருக்கு,” என்றார் வெர்னன் மெதுவாக.

ஊருக்கே கேட்கக் கத்திய வாய் அப்போது திறக்கவில்லை.

வெர்னன் லேத்தை விற்றுவிட்டு அரிசோனாவுக்கு, மகள் வீட்டோடு போய்விட்டார். அங்கே ஒரு விதவையைக் கல்யாணமும் செய்துகொண்டார். அழைப்பு வந்தும் டெல்பர்ட் போகவில்லை, முதுகுவலியாம்!