மூன்றாவது நாற்காலிக்கு எத்தனை பாயின்ட்?

1

"இன்னொரு நாற்காலி வேணும்."

இந்தக் கதை இந்த ஒரு வாக்கியத்திலிருந்துதான் வந்தது. தளி மலைப்பக்கம் ஒரு ரிசார்ட். அறையில் இருந்த தொலைபேசியில் ஒன்பதை அழுத்தி, வரவேற்பில் எடுத்தவரிடம் இதைச் சொன்னேன். தயவுசெய்து என்ற சொல்லைச் சேர்க்கவில்லை. எனக்குப் பின்னால் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்த என் அம்மா செல்லி, எழுந்தே நின்றுவிட்டாள்.

"அடி பாவி. கேட்டேபுட்டியா?"

என்னைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிய அன்று அம்மா ஒரு புத்திமதிதான் சொன்னாள். "தண்ணி வேணும்னா கேளு. ஒண்ணுக்குப் போவணும்னா கேளு. எங்கயும் போயி நாற்காலி மட்டும் கேக்காத. அவங்களா உக்காருன்னா உக்காரு." பாகலூர்ப் பக்கம் ஊரார் நிலத்தில் களை எடுத்தவளுக்கு இந்தப் புத்திமதி எங்கிருந்து கிடைத்தது என்று நான் விளக்கப்போவதில்லை. தெரிந்தவர்களுக்குத் தெரியும். தெரியாதவர்கள் உட்கார்ந்துகொண்டே இதை வாசிக்கிறீர்கள்.

(கடைசி வாக்கியத்தை எடுத்துவிடு, முதல் பக்கத்திலேயே வாசகரைத் திட்டாதே என்று ஒரு தோழி சொன்னாள். அவளுக்கு நன்றி. எடுக்கவில்லை.)

2

இதற்கு முன் எழுதிப் பார்த்த தொடக்கங்கள்:

"1998 ஜூலையில், ஓசூர்த் தொழிற்பேட்டையில் பணிபுரியும் முனிலட்சுமி, பி.எஸ்ஸி., என்பவர்..." அறிக்கை மாதிரி இருந்தது. வேலையில் நான் எழுதுவது அறிக்கைதான், அதனால் கை பழகிவிட்டது.

"மலையின்மேல் மேகங்கள் ஒரு..." மேகங்கள் என்ன செய்தன என்று நான் பார்க்கவில்லை. அம்மாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"எந்த நிலத்தில் என் அம்மா ஒருகாலத்தில் களை எடுத்தாளோ, அதே நிலத்தில்தான் இந்த ரிசார்ட்..." படித்துக் காட்டியபோது எல்லாருக்கும் பிடித்தது இதுதான். ஆனால் பொய். அம்மா தளிப் பக்கம் கூலிக்கு வந்ததே இல்லை. அடித்துவிட்டேன்.

3

விடுமுறைக்கு ரிசார்ட்டில் பாயின்ட் வாங்குவது என்றால் என்ன என்று கேட்பீர்கள். மொத்தமாக ஒரு தொகை கட்டினால், இத்தனை வருஷத்துக்கு, வருஷம் இத்தனை ராத்திரி அங்கே தங்கலாம். மற்ற கம்பெனிகள் அதை வாரம் என்று விற்றன. இவர்கள் பாயின்ட் என்று விற்றார்கள். பாயின்ட் கூடினால் நாள் கூடும், ஆள் கூடும்.

மூன்று வருஷத்துக்கு முன் எங்கள் தொழிற்சாலை கேன்டீனுக்கு அவர்கள் விற்க வந்தார்கள். ஆபீசர்களின் மேசைக்கு மேசை போய்ப் படம் காட்டினார்கள். எங்கள் வரிசைக்கு வந்ததும் நோட்டீஸ் கட்டைப் பையில் வைத்துக்கொண்டு நேராகக் கைகழுவப் போனார்கள். நான் எழுந்துபோய், தண்ணீர்க் குழாய்ப் பக்கத்திலேயே நின்று, இருப்பதிலேயே சின்னத் திட்டத்தை வாங்கினேன். மழைக்காலத்தில் மூன்று ராத்திரி, கார்டில் இரண்டு பெயர். மலை பார்க்கும் ஆசை எனக்குக் கிடையாது. அது கோபத்தில் வாங்கியது.

தெருவில் சிரித்தார்கள். "தளிக்குப் போறதுக்கா காசு கட்டினே? டவுன் பஸ்ஸுல போனா ரெண்டு ரூபா."

4

இப்போது தேவமணி வருகிறாள். (அவள் பெயர் தேவமணி இல்லை. ரிசார்ட்டின் பெயரை நான் சொல்லாததும் அறை எண்ணைச் சொல்லாததும் ஒரே காரணத்துக்காக. போகப்போகப் புரியும்.)

தேவமணி அங்கே அறைகளைச் சுத்தம் செய்கிறவள். நாற்பது வயது. ஓர் அறைக்கு அரைமணி நேரம் என்று கணக்கு.

முதல் வருஷம், முதல் காலை. நான் குளித்துவிட்டு வருவதற்குள் அம்மா அறையைக் கூட்டி, துடைத்து, விரிப்பை மடித்து, கழிப்பறைக் குழாயைத் தேய்த்துப் பளபளவென்று வைத்திருந்தாள். தேவமணி கதவைத் தட்டி உள்ளே வந்தாள். செய்ய ஒன்றும் இல்லை. சிரித்துவிட்டு ஐந்து நிமிஷத்தில் வெளியே போனாள். வராந்தாக் கோடியில் சூப்பர்வைசர் நின்றிருந்தார். தன் நோட்டில் ஏதோ எழுதினார்.

மறுநாள் தேவமணி கதவைத் தட்டியபோது சிரிப்பு இல்லை.

"யம்மா, உங்களக் கும்புடறேன். இனிமே கூட்டாதீங்க. அஞ்சு நிமிசத்துல முடியுதே, மத்த ரூமுக்கு எதுக்கு அரைமணின்னு அந்தாளு கேக்கறான். நாங்க பன்னண்டு பேரு இருக்கறோம். இருவது நிமிசமா கொறச்சான்னா நாலு பேரு வூட்டுக்குப் போவணும்."

அம்மா வாய்மேல் கை வைத்துக்கொண்டாள். "ஐயோ, நான் நல்லதுன்னு இல்ல செஞ்சேன். நான் படுத்த எடத்த இன்னொருத்தி வந்து கூட்டணுமா?"

அந்த நோட்டு எனக்குத் தெரியும். என் வேலையே அந்த நோட்டுதான். ஸ்டாப்வாட்ச்சைக் கையில் வைத்துக்கொண்டு, ஒரு திருகாணியை முடுக்க எத்தனை விநாடி என்று குறிப்பது. தொழிற்சாலையில் நான் லைனுக்குள் நுழைந்தால் எல்லார் கையும் தானாக மெதுவாகும். புதிதாக வந்த யாராவது, நல்ல பெயர் வாங்கலாம் என்று வேகமாகச் செய்துவிட்டால், அந்த வேகமே மறுமாதம் எல்லாருக்கும் சட்டமாகிவிடும். என் அம்மா செய்த தவறு அதுதான். கூலி வாங்காத இடத்திலும் வேலைக்கான நேரத்தைக் குறைத்துக் காட்டினாள்.

கைப்பையிலிருந்து ஸ்டாப்வாட்ச்சை எடுத்தேன்.

"உள்ளயே இருங்கக்கா. அரைமணி ஆனப்புறம் போங்க."

அந்தக் கடிகாரம் யாருடைய பிழைப்பையும் குறைக்காமல் ஓடியது அன்றைக்குத்தான்.

5

அப்படித்தான் வழக்கமானது. அம்மாவால் கூட்டாமல் இருக்க முடியாது. தேவமணியால் அவளை விட்டுவிட்டு வேலை செய்ய முடியாது. விரிப்பின் இந்த முனையை ஒருத்தி, அந்த முனையை இன்னொருத்தி. பத்து நிமிஷத்தில் முடிந்துவிடும். மீதி இருபது நிமிஷம் கதவைச் சாத்திவிட்டு உட்காருவார்கள். முதல் வருஷம் இருவரும் தரையில். நாற்காலிகள் சும்மா கிடந்தன. இரண்டாவது வருஷம் தேவமணி, "மூட்டு வலிக்குது செல்லியக்கா, மேல உக்காரலாமா?" என்று கேட்டாள். அம்மா என்னைப் பார்த்தாள். அப்புறம் உட்கார்ந்தாள்.

மாமியாரைப் பற்றி என்றால் தெலுங்கில் பேசுவார்கள். சிரிப்பு முற்றினால் கன்னடம். எனக்கும் கேட்கட்டும் என்றால் தமிழ்.

"பெங்களூர்க்காரங்க ஒரு நாளைக்கு ஆறு துண்டு அழுக்காக்கறாங்கக்கா. ஒடம்பு ஒண்ணுதானே இருக்குது?"

"உள்ள இன்னும் நாலு ஒடம்பு வச்சிருப்பாங்க, காட்ட மாட்டாங்க."

நான் கதவோரம் நின்று சூப்பர்வைசரின் செருப்புச் சத்தத்துக்குக் காது கொடுப்பேன். கட்டிலில் உட்காரக் கூடாது. யாராவது கதவைத் தட்டினால் மடிப்புக் கலையாமல் இருக்க வேண்டும்.

நன்றி என்ற சொல் எனக்கு ஆகாது. எங்களிடம் அதைக் கேட்டுக் கேட்டு வாங்கியிருக்கிறார்கள். உதவித்தொகை கொடுத்தபோது, ஹாஸ்டலில் இடம் கொடுத்தபோது, வேலையில் சேர்ந்தபோது, "நன்றியோட இரும்மா" என்றார்கள். சட்டப்படி எனக்கு வரவேண்டியதை என் கையில் வைத்துவிட்டுச் சொன்னார்கள். ஆனால் முதல் வருஷம் திரும்பும் பஸ்ஸில் அம்மா சன்னலைப் பார்த்தபடி சொன்னாள்: "பட்டப்பகல்ல அத்தன நேரம் சும்மா உக்காந்தோம். யாரும் ஏன்னு கேக்கல, முனி." அப்போது தேவமணிக்கு நான் மனசுக்குள் சொன்னதற்கு வேறு பெயர் தேடிப் பார்க்கிறேன். [நன்றிக்கடன் – இல்லை, கடனில்லை. நன்றியுணர்வு – பாடப்புத்தகம்.] கிடைக்கவில்லை. நன்றி என்றே இருக்கட்டும்.

6

மூன்றாவது வருஷம், அதாவது இந்த ஜூலை, எனக்கும் கால் வலித்தது. நாள் முழுக்க லைனில் நிற்கிறவள் நான். இங்கேயும் நிற்க வேண்டுமா? போனை எடுத்துக் கேட்டேன்.

"உங்க கார்டுல ரெண்டு பேருதானே மேடம்? மூணாவது யாருங்க?"

இந்தக் கேள்வி வரும் என்று நான் யோசிக்கவே இல்லை. தேவமணியின் முகம் வெளுத்தது.

"விருந்தாளி" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

நாற்காலி வந்தது. கூடவே மூர்த்தியும் வந்தார். அங்கே பாயின்ட் விற்பவர். கதவைத் தட்டிய சத்தத்தில் தேவமணி பிரஷ்ஷோடு கழிப்பறைக்குள் புகுந்துகொண்டு, தேய்க்கத் தேவையில்லாத தரையைத் தேய்த்தாள். மேசைமேல் மூன்று டீ டம்ளர்.

மூர்த்தியை முதல் வரைவில் இப்படி எழுதியிருந்தேன்: "நரிச் சிரிப்பும் பளபளக்கும் டையும்..." அநியாயம். அவருக்குச் சாமல்பட்டி. அவரும் வீட்டில் முதல் பட்டதாரி. டை இருந்தது உண்மை. முடிச்சு அவருக்குச் சரியாக வரவில்லை, என் அடையாள அட்டைப் படத்தில் சேலை மடிப்பு எனக்கு வராதது மாதிரி.

"விருந்தாளிக்கு ரூல்ஸ் இருக்குதுங்க மேடம். நூறு பாயின்ட் சேத்து வாங்கினா மூணு பேர் கார்டு ஆயிரும். ஒரு ராத்திரியும் கூடும். இல்லீன்னா நாளைக்குப் பத்து மணிக்கு நாற்காலிய எடுத்துருவாங்க. விருந்தாளி பேரையும் கேட்டு ரிஜிஸ்டர்ல எழுதிருவாங்க."

நூறு பாயின்ட் என்பது என் நாலு மாதச் சம்பளம்.

கழிப்பறையில் பிரஷ் சத்தம் நின்று, மறுபடி தொடங்கியது. மூர்த்தி டம்ளர்களைப் பார்த்தார். கதவைப் பார்த்தார்.

"மூணாவது பேர இப்பவே எழுதணும்னு இல்லீங்க. காலியா உடலாம். வர்றப்ப வர்றப்ப மாத்திக்கலாம்."

அவருக்குப் புரிந்ததா, அல்லது படிவத்தின் இரண்டாம் பக்கத்தில் அச்சடித்திருந்ததை ஒப்பித்தாரா? எனக்குத் தெரியாது. புரிந்தது என்று எழுத ஆசை. எழுதவில்லை.

7

அன்று மாலை அம்மா கட்டிலில் சாய்ந்தபடி வாதாடினாள்.

"வேண்டாண்டி. இருக்கறதே போதும். மூணு நாளு உக்காந்தாலே இடுப்பு நோவுது, நாலாவது நாளு எதுக்கு?"

"நாளுக்காக இல்லம்மா. நாற்காலிக்கு."

"நாலு மாசச் சம்பளத்துல ஒரு நாற்காலியா? அந்தக் காசுக்குத் தச்சன் நூறு செஞ்சு குடுப்பான்."

"இங்க போட உடுவாங்களா?"

அம்மா எழுந்து உட்கார்ந்தாள். அப்புறம், "இனிமே எங்கூடச் சேந்து கூட்டிட்டு நீயும் தரையில உக்காரு. யாரும் கேக்க மாட்டாங்க" என்றாள்.

அவள் சொன்னதில் பிழையே இல்லை. அதுதான் எனக்கு எரிந்தது.

மறுநாள் காலை ஒன்பது ஐம்பத்தேழுக்குத் தேவமணி வந்தாள். ஸ்டாப்வாட்ச்சை அழுத்தினேன். அவளிடம் கேட்டேன், உங்கள் பெயரை மூன்றாவதாக எழுதட்டுமா, ஒரு தடவை முன்வாசல் வழியாக விருந்தாளியாக வாருங்கள் என்று.

தேவமணி விழுந்து விழுந்து சிரித்தாள். "நான் வந்து படுத்துக்கிட்டா எம் பதிமூணு ரூம யாரு கூட்டுவா, அந்தாளா?" பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தினாள். "எம் பேர எழுதாத தாயி. எழுதினா இங்க உக்காந்தது தெரிஞ்சிரும்."

"அப்ப வாங்காம உட்டுடட்டுமாக்கா?"

"அத எங்கிட்டக் கேக்காத. நீ நிக்கறது எனக்குப் புடிக்கல, அவ்வளவுதான். நாங்க ரெண்டு பேரும் உக்காந்து சிரிக்கறோம். நீ காவக்காரி மாதிரி நிக்கற."

கீழே இறங்கினேன்.

8

முடிவுகள்.

அ. அவள் வாங்கவில்லை. பத்து மணிக்கு வந்து நாற்காலியை எடுத்துப் போனார்கள். விருந்தாளி யார் என்று கேட்டார்கள். [இதை எழுதும்போது தேவமணியின் முகம் வந்தது. நிறுத்திவிட்டேன்.]

ஆ. அவள் மேனேஜரைக் கூப்பிட்டு, ஓர் அறைக்கு அரைமணி ஏன் வேண்டும் என்று விநாடிக் கணக்கோடு ஆங்கிலத்தில் விளக்கினாள். அவர் தலைகுனிந்தார். [எனக்கு மிகவும் பிடித்த முடிவு. குளிக்கும்போதெல்லாம் இதை நடித்துப் பார்க்கிறேன். நடக்கவில்லை.]

இ. பத்து வருஷம் கழித்துத் தேவமணி, பெட்டியோடு முன்வாசலில் வந்து இறங்கினாள். [இதை என்னால் எழுத முடியாது. ஆனால் நடக்காது என்றும் சொல்ல மாட்டேன். உங்களிடம் விடுகிறேன்.]

பாயின்ட் வாங்கும் படிவத்தில் மூன்றாவது வரி இப்படி இருக்கிறது:

பெயர்: ..............................

கதையில் நான் சொல்லாமல் விட்ட அதே பெயர்தான் அந்த இடத்துக்கு உரியது. நீங்கள் வேறு யாரையாவது உட்கார வைக்க விரும்பினால் எழுதிக்கொள்ளுங்கள். உங்கள் வீட்டில் துடைக்கிறவர் பெயரை எழுதலாம். பென்சிலால் எழுதுங்கள். வர்றப்ப வர்றப்ப மாத்திக்கலாம்.

9

மூர்த்தியின் அறையில் அவர் மேசைக்கு முன்னால் ஒரு நாற்காலி இருந்தது. அவர் சொல்வதற்கு முன்பே உட்கார்ந்தேன். அவர் படிவத்தில் கையெழுத்துக்கான முதல் பக்கத்தை என் பக்கம் தள்ளிவிட்டு, இரண்டாம் பக்கத்திலிருந்து விளக்கத் தொடங்கினார். நீச்சல் குளம். குதிரைச் சவாரி. கோவாவில் கிளை வரப்போகிறது.

"மூணு பேர் கார்டுன்னா ரூமுல மூணு நாற்காலி கண்டிப்பா இருக்குமா?" என்று ஒருதடவை குறுக்கிட்டேன்.

"இருக்குங்க மேடம். நீங்க வர்றதுக்கு முந்தியே போட்டு வச்சிருவாங்க. கேக்கவே வேண்டியதில்ல."

கேட்கவே வேண்டியதில்லை. இதை அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்தபடி, கையெழுத்துக்குக் கீழே தேதியும் போட்டுப் பேனாவை மூடினேன்.

அவர் நாலாம் பக்கத்துக்கு வந்திருந்தார். "அவசரமில்லீங்க. சாயங்காலம் வரைக்கும் நாற்காலிய எடுக்க மாட்டாங்க. நல்லா யோசிச்சு சொல்லுங்க."

"சரிங்க" என்று எழுந்தேன். முதல் பக்கத்தை அவர் இன்னும் திருப்பிப் பார்க்கவில்லை. நாற்காலியை மேசைக்குள் தள்ளி வைத்துவிட்டு வெளியே நடந்தேன். ஸ்டாப்வாட்ச் பதினெட்டு நிமிஷம் காட்டியது. மேலே அம்மாவின் அறைக்கதவு இன்னும் பன்னிரண்டு நிமிஷம் சாத்தியே இருக்கும்.