மூன்றாம் தண்ணீருக்கு முன்

1

இந்தக் கதையில் என் கண்ணால் பார்த்தது கொஞ்சம்தான். பாலக்காட்டு ஆஸ்பத்திரி ஒன்றில் வேறு வேலையாகக் காத்திருந்தபோது, ஒரு பெண் தன் கணவனின் கால் பெருவிரலைக் கிள்ளிவிட்டு அவன் முகத்தைப் பார்ப்பதும், மறுபடி கிள்ளுவதுமாக இருந்தாள். அவன் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தான். கிள்ளுவது அவனுக்குத் தெரியவே இல்லை. மீதியெல்லாம் என் கைச்சரக்கு.

அவளுக்கு அனுப்பிரியா என்று பெயர் வைத்தேன். அவனுக்கு மோகனசுந்தரம். முதலமடையில் மாந்தோப்பு.

2

தொடக்கம், முதல் முயற்சி: மாங்காய் இறக்குகிற மாதத்தில் மோகனசுந்தரத்துக்கு அம்மை வார்த்தது. தோப்பின் மீது வெயில் மஞ்சளாக –

(நிறுத்திவிட்டேன். இடுப்புக்குக் கீழே மரத்துப்போகப் போகிறவனின் கதையில் வெயிலை வர்ணிக்க வெட்கமாக இருக்கிறது.)

இரண்டாம் முயற்சி: "ஏனுங்க, ஒண்ணுக்குப் போனீங்களா?" என்று கேட்டாள் அனுப்பிரியா.

இது சரி. கதை இங்கேதான் தொடங்குகிறது.

கொப்புளங்கள் காய்ந்து, வேப்பிலையும் மஞ்சளும் போட்ட தண்ணீரை இரண்டு தடவை தலைக்கு ஊற்றியாயிற்று. மூன்றாவதும் ஊற்றினால்தான் அம்மன் வீட்டைவிட்டுப் போனதாக அர்த்தம். அதுவரை அவன் வாசல் தாண்டக்கூடாது, மருந்தும் கூடாது. அந்த இடைவெளியில்தான் அவனுக்குச் சிறுநீர் நின்றது.

"ஒடம்புச் சூடுங்க" என்று இளநீர் வெட்டிக் கொடுத்தாள். போகவில்லை. இன்னொன்று வெட்டினாள். பிறகு நீர்மோர். தொப்புளில் விளக்கெண்ணெய். நிறைந்த குடத்தில் மேலும் மேலும் ஊற்றிக்கொண்டிருக்கிறோம் என்று அவளுக்குத் தெரியாது. சாயங்காலம் எழுந்து நிற்கப் பார்த்தவன் கால் மடிந்து பாயிலேயே உட்கார்ந்துவிட்டான்.

"காலு எங்காலு மாதிரியே இல்ல புள்ள."

"உப்பில்லாத சோறு தின்னா அப்படித்தானுங்க இருக்கும். மூணாந்தண்ணி ஊத்துனாச் செரியாப் போயிருமுங்க."

3

இங்கே அவன் அம்மா பழனாத்தாள் வரவேண்டும். முதல் பிரதியில் அவள்தான் தடுத்தாள். "ஆத்தா இருக்கற ஊட்டுல ஊசியா?" என்று கத்த வைத்தேன். எழுத சுலபமாக இருந்தது. வாசிக்கிற உங்களுக்கும் திட்டுவதற்கு ஓர் ஆள் கிடைத்திருக்கும். ஆனால் அந்த அம்மாள் எனக்கு அடங்கவில்லை. மகனின் காலைத் தொட்டுப் பார்த்தவள் பயந்துவிட்டாள்.

"வண்டிய வரச்சொல்லு கண்ணு. ஆஸ்பத்திரிக்குப் போயர்லாம்."

"மூணாந்தண்ணி ஊத்தாம எப்படிங்கத்தை?"

"ஆத்தாகிட்ட நான் பேசிக்கறேன். காலு சில்லுனு கெடக்குது பாரு."

"அவ கோவிச்சுட்டு நம்ம பாப்பா மேல எறங்கிட்டா? வேண்டாமுங்கத்தை. நாளன்னைக்கு ஊத்தீட்டுப் போலாமுங்க."

தடுத்தவள் அனுப்பிரியா. கல்லூரியில் படித்தவள்தான். நான்கு வயது மகள் பக்கத்து அறையில் தூங்கிக்கொண்டிருந்தாள். அந்தப் பயத்தை மூடத்தனம் என்று ஓரிடத்தில் எழுதி, அடித்துவிட்டேன். எனக்கு அவள்மேல் கோபம் வரவில்லை, பாவமாகத்தான் இருக்கிறது.

பாயில் கிடந்தவனுக்கு இந்தப் பேச்சு முழுக்கக் கேட்டது.

4

மூன்றாம் தண்ணீர் ஊற்றி, தலை ஈரம் காய்வதற்குள் ஜீப்பில் தூக்கிப்போட்டுக் கொண்டுபோனார்கள். முதலில் குழாய் வைத்துச் சிறுநீரை எடுத்தார்கள். பை நிறைய நிறைய, அனுப்பிரியா சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள்.

மலையாளம் கலந்த தமிழ் பேசும் டாக்டர் டின்சி ஊசிமுனையால் பாதத்திலிருந்து மேல்நோக்கித் தொட்டுக்கொண்டே வந்தார். தொப்புளைத் தாண்டிய பிறகுதான் அவன் "ஆ" என்றான். ஸ்கேனில் கட்டியோ விலகிய எலும்போ தண்டுவடத்தை அழுத்தவில்லை. தண்டுவடமே வீங்கியிருந்தது. முதுகில் ஊசி குத்தி நீர் எடுத்தும் பார்த்தார்கள்.

"அம்மையோட வைரஸ்தான். தோல்ல குணமாயிருச்சு. உள்ள முதுகுத்தண்டுல நீர்க்கெட்டு, அதாவது வீக்கம். ஸ்டீராய்டு ட்ரிப்ல ஏத்தறோம். வைரசுக்கும் மருந்து உண்டு."

"நடப்பாருங்களா டாக்டர்?"

"சிலர் நல்லா நடப்பாங்க. சிலர் வாக்கர் பிடிச்சு. சிலர்... நமக்கு நோக்கலாம். கொஞ்சம் நேரத்தே வந்திருந்தா நல்லாயிருந்தது."

(கடைசி வாக்கியத்தை மென்மையாக்கப் பார்த்தேன், முடியவில்லை. நேரத்தோடு வந்திருந்தால் நடந்திருப்பான் என்று டாக்டர் சொல்லவில்லை. நடந்திருக்க மாட்டான் என்றும் சொல்லவில்லை. இந்த இரண்டுக்கும் நடுவில்தான் அனுப்பிரியா இனிமேல் குடியிருக்க வேண்டும்.)

5

முடிவு, ஒன்று: மருந்து ஏறி முடிந்த காலையில் வலது முழங்கால் லேசாக மடங்குகிறது. எல்லோரும் அழுகிறார்கள்.

முடிவு, இரண்டு: சக்கர நாற்காலி. மரத்தடியில் அவன், மேலே யாரோ மாங்காய் –

இரண்டும் நடக்கக்கூடியவை. இரண்டையும் விட்டுவிட்டேன். அவன் கால் என் கையில் இல்லை. ட்ரிப் இன்னும் ஏறிக்கொண்டிருக்கும் ஒரு மத்தியானம் மட்டும் என்னிடம் மிச்சம் இருக்கிறது.

அன்று அவனுடைய தாய்மாமன் கருப்புசாமி பார்க்க வந்தார். மருமகனின் காலைத் தூக்கிப் பார்த்தார். விட்டதும் அது தொப்பென்று விழுந்தது. அவருக்குத் தாங்கவில்லை.

"ஆரு இவன இத்தன நாளு ஊட்டுல போட்டு வெச்சது?"

அனுப்பிரியா எழுந்து நின்றாள். அதற்குள் பழனாத்தாள் சொன்னாள்:

"நாந்தானுங்கண்ணா. மருமவ அப்பவே போலாம்னு கெஞ்சுனா. நாந்தான் தண்ணி ஊத்தோணும்னு தடுத்துப்போட்டேன்."

"பெத்த மகனையே இப்படிப் பண்ணிப்போட்டியே! நீயெல்லாம் ஒரு தாயா?"

பழனாத்தாள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"இல்லீங்க மாமா" என்றாள் அனுப்பிரியா.

"என்ன கண்ணு? சொல்லு."

அடுத்த வரியைப் பல மாதிரி எழுதிக் கிழித்தேன். உண்மையைச் சொன்னால், பழனாத்தாள் தன்மேல் இழுத்துப் போட்டுக்கொண்டதைப் பிடுங்கி எறிந்ததாகும். சொல்லாவிட்டால், அந்த வசவைக் காலமெல்லாம் மாமியாரைச் சுமக்கவைத்து, அவள் ஆக்கிப்போடும் சோற்றைத் தின்ன வேண்டும். இரண்டையும் செய்ய எனக்கு மனம் வரவில்லை. அந்த வரியை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள்.

எழுதும்போது ஒன்றை மட்டும் மறந்துவிடாதீர்கள். கட்டிலில் கிடப்பவனுக்குக் கால்தான் மரத்திருக்கிறது. காது நன்றாகக் கேட்கும்.