வட்ட மெத்தையின் தலைமாடு

"பாத்து இழுடி, வேகமா இழுத்துடாத," என்றாள் அம்மா.

மகள் முட்டி போட்டு மெத்தையின் விளிம்பைப் பிடித்து இழுத்தாள். அப்பாவைச் சுமந்தபடியே மெத்தை சிமெண்டுத் தரையில் கால் வட்டம் திரும்பியது. காலையில் அவர் தலை சன்னல் பக்கம், வெயில் ஏறினால் கதவுப் பக்கம். இனி செய்ய ஒன்றுமில்லை என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பியதிலிருந்து, பதினோரு நாளாக இப்படித்தான்.

"ராஜா பவனி போற மாதிரி இருக்கு," என்றார் அப்பா. குரல் நூலாக வந்தது.

"ராஜாவுக்கு ஒரு வாய் பால் இறங்கல. பவனி ஒண்ணுதான் குறைச்சல்," என்றாள் அம்மா.

நாற்பது வருஷம் மெத்தை தைத்தவர். ஊருக்கெல்லாம் மெத்தை, தனக்குப் பாய். இதையும் தனக்காகத் தைக்கவில்லை. பெரிய வீட்டில் ஒரு விருந்தாளி இரண்டு இரவு தங்கப்போகிறார் என்று சொல்லித் தைக்கச் சொன்னது. ஏழடி வட்டம், வெள்ளைப் பட்டு உறை, உள்ளே வாத்தின் அடிவயிற்று இறகு. அந்தப் பட்டின் விலையில் இந்தத் தெருவுக்கே கூரை மாற்றலாம். அப்பாவும் மகளும் மூச்சைப் பிடித்துக்கொண்டு தைத்தார்கள். எல்லாம் முடிந்ததும் அப்பா கை தன் பழக்கத்துக்கு விளிம்பில் ஒரு சிவப்பு நூல் முடிச்சைப் போட்டுவிட்டது. அவர் தைத்த எல்லா மெத்தையிலும் தலைமாட்டுக்கு அதுதான் அடையாளம்.

"அப்பா, வட்டத்துக்கு ஏதுப்பா தலைமாடு?"

அவர் முடிச்சை விரலால் நெருடினார். "படுக்கிறவனுக்குத் தலை இருக்குமில்ல?"

முடிச்சைப் பிரித்தால் பட்டில் ஊசித் துளை தெரியும். "மேடம் பாத்தா ஆடித் தீத்துடுவாங்க. தூக்கிட்டுப் போயிடுங்க," என்றார் அந்த வீட்டு மேனேஜர். வேறு மெத்தை வாங்கினார்கள். விருந்தாளி வரவே இல்லையாம்.

இந்த வீட்டு வாசலில் அதை மடித்துத் திணித்தபோது, "தலைப்பிரசவம் தோத்துது போ," என்று பக்கத்து வீட்டுக்காரி சிரித்தாள். உள்ளே வந்து விரிந்ததும் அறையே மெத்தையாகிவிட்டது. அம்மா மட்டும் சுவரோரம் பாயிலேயே படுத்தாள்.

"அவ தூக்கத்துல கடியார முள்ளாட்டம் சுத்துவா," என்பார் அப்பா, பார்க்க வருகிறவர்களிடமெல்லாம். "விடிஞ்சா அவ காலு என் மூக்குல இருக்கும்."

பத்து மணிக்கு மேனேஜர் போன் செய்தார்.

"அந்த வட்ட மெத்தை இருக்குல்ல? வண்டி அனுப்புறேன். நாய்க்கு வேணுமாம். அது முடிச்சையெல்லாம் பாக்கப்போறதில்ல."

"அப்பா அதுல படுத்திருக்காரு சார். ரொம்ப முடியாம இருக்காரு."

"கொஞ்சம் கீழ படுக்க வைங்க," என்று வைத்துவிட்டார்.

மகள் அம்மாவிடம் சொல்லவில்லை. அப்பாவை இன்றைக்கு யாரும் தூக்கித் தரையில் போட்டுவிடக் கூடாது. அவளுக்கு அது ஒன்றுதான். வாசலில் போய் நின்றுகொண்டாள்.

வண்டி நடுப்பகலில் வந்தது. டிரைவர், தொப்பை சரிந்த மனிதர், செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே எட்டிப்பார்த்தார். அப்பாவின் மூச்சு விட்டுவிட்டு வந்துகொண்டிருந்தது. அம்மா அவர் உதட்டை ஈரத்துணியால் ஒற்றிக்கொண்டிருந்தாள். டிரைவர் சத்தமில்லாமல் வெளியே வந்தார்.

"எத்தன அடிம்மா?"

"ஏழுண்ணே."

அவர் திரும்பித் தன் வண்டியைப் பார்த்தார். "என் வண்டி ஆறரைதான்."

மகளும் பார்த்தாள். பத்தடி வண்டி.

அவர் போனை எடுத்தார். "சார், வண்டில ஏறாது சார். மடிக்கவா? மடிச்சா உள்ள இறகு உடைஞ்சிடும். அப்புறம் நாய்க்குக் குத்தும்." கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டுப் போனைச் சட்டைப்பையில் போட்டார். "வேண்டாமாம். நாய்க்குக் குத்தும்னா விட்டுருவாங்கம்மா. நீ உள்ள போ."

இரண்டு மணிக்குக் கதவுப் பக்கம் காற்று வந்தது. இருவரும் மெத்தையை இழுத்தார்கள். பட்டு தரையில் உரசும் சத்தத்தில் அப்பா கண் திறந்தார்.

"தலை சரியா இருக்கா?"

அம்மா அவர் காதுக்குக் கீழே கைவிட்டு முடிச்சைத் தடவிப் பார்த்தாள். "சரியா இருக்கு."

"அப்ப சரி," என்று கண்ணை மூடிக்கொண்டார். மூச்சு விட்டுவிட்டு வந்துகொண்டிருந்தது. அரை மணி நேரம் கழித்து நீளமாக ஒன்று வந்தது. இருவரும் அடுத்ததற்குக் காத்திருந்தார்கள்.

மறுநாள் மதியத்துக்குள் எல்லாம் முடிந்து, வந்தவர்களும் போய்விட்டார்கள்.

"கொஞ்சம் படும்மா," என்றாள் மகள்.

அம்மா பாயை எடுத்தாள். பாதி விரித்தவள், திரும்பச் சுருட்டி மூலையில் நிறுத்தினாள். பிறகு மெத்தையில் உட்கார்ந்து, விளிம்பைத் தடவி முடிச்சைக் கண்டுபிடித்து, அங்கே தலையை வைத்தாள்.

மகள் தேநீரோடு வந்தபோது அவள் நல்ல தூக்கத்தில் இருந்தாள். தலை அரை வட்டம் சுற்றி எங்கோ போயிருந்தது. கால் இரண்டும் சிவப்பு முடிச்சின் மேல் கிடந்தன.

மகள் டம்ளரைத் தரையில் வைத்துவிட்டு, சுவரோரம் உட்கார்ந்தாள். தேநீர் ஆறிக்கொண்டிருந்தது. அவள் எழுப்பவில்லை.