ஜன்னலோர மூலை

விசாரணை பத்து மணிக்கு என்றார்கள். பதினொன்றரை ஆகியும் கூப்பிடவில்லை. பள்ளி வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்த தச்சனுக்குக் கை சும்மா இருக்கவில்லை. சட்டைப்பையிலிருந்த டேப்பை இழுப்பதும் விடுவதுமாக இருந்தான். எதைக் கண்டாலும் அளப்பதால் பட்டறையில் அவனுக்கு டேப்பு என்றே பெயர்.

"உள்ள வைங்க அதை. நாம இங்க அளவெடுக்கவா வந்தோம்?" என்றாள் மனைவி.

போன மாதம் மகளுக்கு இந்தப் பள்ளியில் ஆறாம் வகுப்பில் இடம் என்று கடிதம் வந்தது. வீடே ஆகாயத்தில் மிதந்தது. அன்று மத்தியானமே வேலையைப் போட்டுவிட்டு ஓடி, வீட்டுக்குப் பக்கத்துப் பள்ளியில் கிடைத்திருந்த இடம் வேண்டாமென்று எழுதிக் கொடுத்தான். பிடித்து வைத்திருந்தால் இன்னொரு பிள்ளைக்குக் கிடைக்காதே என்ற நினைப்பு. நான்காம் நாள் இரண்டாவது கடிதம்: பட்டியலில் பிழை, இடம் ரத்து. பக்கத்துப் பள்ளிக்குத் திரும்ப ஓடினான். அந்த இடம் அதற்குள் கைமாறிவிட்டது. இந்தப் பள்ளிக்கே மனு எழுதிப் போட்டான்; அதற்குத்தான் இந்த விசாரணை.

விசாரணை அந்த ஆறாம் வகுப்பு அறையிலேயே நடந்தது. மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். நடுவிலிருந்த அம்மாள்தான் பேசினார்.

"தப்பு எங்க ஆபீஸ்லதான். மறைக்கல. ஆனா அந்த எடத்த ஏங்க அன்னைக்கே விட்டீங்க? ஒரு வாரம் பொறுத்திருக்கலாமே?"

"கையெழுத்து இருந்துச்சு, முத்திரை இருந்துச்சு. நம்பாம என்னங்க செய்யறது?"

"முப்பத்தாறு பேருக்குத்தான் இங்க எடம். முப்பத்தேழாவது மேசை எங்க போடறது?"

"இருக்குங்கம்மா."

மனைவி சட்டையைப் பிடித்து இழுப்பதற்குள் எழுந்துவிட்டான். ஜன்னலோர மூலையில் மண்டியிட்டு டேப்பை நீட்டினான். "ரெண்டடிக்கு ஒன்றரை. நாற்காலி போட்டாலும் நடக்க வழி இருக்கு. மேசைய நானே செஞ்சு தரேன். மரமும் என்னோடதுதான்."

ஓரத்தில் இருந்தவர் சிரித்துவிட்டார். அம்மாள் சிரிக்கவில்லை. "மேசை பிரச்சனை இல்லைங்க. கணக்கு முப்பத்தாறு. அவ்வளவுதான்."

மனு தள்ளுபடி என்ற கடிதத்தை மகளே பிரித்துப் படித்தாள். பழைய மடிப்பிலேயே மடித்து அவனிடம் நீட்டினாள்.

"நல்லா அளந்தியாப்பா?"

"அளந்தேம்மா."

"எடம் இருந்துச்சுல்ல?"

"இருந்துச்சு."

அவள் தலையாட்டிவிட்டு உள்ளே போனாள். அழுதிருந்தால்கூடத் தாங்கியிருப்பான். பள்ளிகள் திறந்தன. அவள் வாசற்படியில் உட்கார்ந்து, போகிற பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கிடைக்கிற பள்ளி எதுவானாலும் இரண்டு பஸ் மாற வேண்டும். அதற்கும் காத்திருப்போர் பட்டியல் இருந்தது.

மூன்றாம் வாரம் பட்டறை முதலாளி கூப்பிட்டார். "டேப்பு, அந்தப் பள்ளிக்கூடத்துலேருந்து ஆர்டர். போட்டியில ஜெயிச்ச கோப்பையெல்லாம் வைக்க ஒரு அலமாரி. ஆறாம் வகுப்புல, ஜன்னலோர மூலையில நிக்கணுமாம். போய் அளவெடுத்துட்டு வந்துடு."

"போக வேணாம்ணே."

காதிலிருந்து பென்சிலை எடுத்தான். பலகையை இழுத்துப்போட்டு, டேப்பைத் தொடாமலே கோடு போட ஆரம்பித்தான். இரண்டடி. ஒன்றரை அடி.